கள்ளிமேடு ஏறும்போது மட்டும்

பெரியம்மாளின் காரில் அந்தச் சத்தம் கள்ளிமேடு ஏறும்போது மட்டும்தான் வந்தது. மேட்டின் அடியில் கியரை மாற்றி விசையைக் கூட்டியதும், எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு விரல் முட்டியால் பலகையைத் தட்டுவதுபோல, டொக், டொக், டொக் என்று தொடங்கும். விசை கூடக் கூடத் தட்டுவதும் விரைவாகும். மேட்டின் தலையை எட்டி விசையைக் குறைத்தால் தட்டியவர் எழுந்து போய்விட்டதுபோல அடங்கிவிடும். இறக்கத்தில் கிடையாது. காலியாகச் சமதரையில் ஓடும்போது கிடையாது. தோட்டத்து வாசலில் நிறுத்திவைத்து எவ்வளவு உறுமவிட்டாலும் கிடையாது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம், தை மாதக் கடைசி. எருத்தேன்பதிக்கு மேற்கே இருந்த பெரியம்மாளின் தோட்டத்தில் செங்கோட்டையன் கார் ஓட்டத் தொடங்கி நான்காவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முன் பதினைந்து வருஷம் அதே தோட்டத்தில் அவன் நீர் இறைக்கும் கவலை ஓட்டியவன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் பாதையில் இரண்டு எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து தோல் பறி நிறைய நீர் மேலே வரும். எருதுகள் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின்மேலேயே உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் சேர்ந்து இழுக்கும். நிறைந்த பறி மேலே வரும்போது கிணற்று வாயிலுள்ள கப்பி கத்தும். எருதுகள் பின்வாங்கி, வெறும் பறி கீழே இறங்கும்போது அதே கப்பி வாயை மூடிக்கொள்ளும். காலை முழுக்க இந்தக் கத்தலும் மௌனமும் மாறி மாறிக் காதில் விழுந்தால் ஒருவனுக்குக் காது மரத்துப்போகும், அல்லது கூர்மையாகும். செங்கோட்டையனுக்குக் கூர்மையானது. கஞ்சிக் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "மேக்காலத் தோட்டத்துக் கப்பிக்கு வெளக்கெண்ணெய் வேணும்" என்பான். போய்ப் பார்த்தால் அச்சு காய்ந்து கிடக்கும்.

கார் பெரியம்மாளின் கணவர் வாங்கியது. கோயமுத்தூரில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப்போன வண்டி. வாங்கிய மறு வருஷமே அவர் காலமானார். காபிக் கிளப் இல்லாத காட்டில் எனக்கு என்ன வேலை என்று பட்டணத்து டிரைவரும் போய்விட்டான். வண்டி எருதுகளோடு பட்டிக்குள் மூன்று மாதம் நின்றது. பின்னாசனத்தில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சும் பொரித்தது. பக்கத்தில் எருது கட்டவரும்போதெல்லாம் செங்கோட்டையன் காரைத் தட்டிப் பார்ப்பான், குனிந்து பார்ப்பான். ஒரு நாள் பெரியம்மாளிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எருது ஓட்டறவனுக்கு இது எப்புடிடா வரும்?" என்றாள் பெரியம்மாள்.

"எருது சொன்னாக் கேக்காதுங்க ஆத்தா. இது கேக்கறாப்பல தெரியுதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தூரில் ஒரு பஸ் டிரைவரிடம் இரண்டு மாதம் இருந்து கற்றுக்கொண்டு, உரிமச் சீட்டும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து காக்கிச் சட்டை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் அவனைக் கவலைக்காரச் செங்கோட்டையன் என்று அழைத்தவர்கள் எல்லாம் மெல்ல மெல்ல டிரைவர் என்று அழைக்கலானார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் சந்தைக்குள் தேவையில்லாமல் இன்னொரு சுற்று நடப்பான் என்று அவன் மனைவி முத்தாத்தாள் சொல்லுவாள். அவன் மறுத்ததில்லை.

கார் கடைசிவரை பட்டியிலேயே நின்றது. வேறு கொட்டகை கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பட்டிக்குள் நிற்பதெல்லாம் பட்டியைச் சேர்ந்ததுதானே. அதனால் அந்த வருஷம் பட்டிப் பொங்கலன்று எருது, பசு, கன்று, எருமை வரிசையில் காருக்கும் ஓர் இடம் கிடைத்தது. மாலை, புதுக் கயிறு, பூ என்று ஏதேதோ விட்டுப்போய், செங்கோட்டையன் கொழிஞ்சாம்பாறைக்குப் பறந்து போய் வாங்கிவந்து நிறுத்தியபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. மாடுகளுக்கெல்லாம் நெற்றியில் மஞ்சள்நீர் ஊற்றிவிட்டுப் பெரியம்மாள் செம்போடு காருக்கு முன்னால் வந்தாள்.

"இதுக்கு நெத்தி எங்கடா?"

செங்கோட்டையன் பானட்டின் பக்கக் கதவைத் தூக்கிக் காட்டினான். ஓடிவந்த எஞ்சின் அனல் கக்கிக்கொண்டிருந்தது. அவள் செம்பைக் கவிழ்த்தாள். ஸ்ஸ் என்று ஆவி கிளம்பி அவள் முகம்வரை வந்தது. "பாரு, மயிலை எருதைக் காட்டிலும் இது நல்லாச் சீறுது" என்று அவள் சொல்ல, பட்டி முழுக்கச் சிரித்தது. காருக்கும் இரண்டு கொத்து ஆவாரம்பூ செருகிவிட்டார்கள்.

இது நடந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான், பெரியம்மாளையும் இரண்டு மூட்டை நிலக்கடலையையும் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போகும் வழியில், கள்ளிமேட்டில் அந்தச் சத்தம் முதல்முதலாகக் கேட்டது.

முதல் தடவை அவன் கல் தெறிக்கிறது என்று நினைத்தான். மூன்றாம் தடவை பெரியம்மாளுக்கே கேட்டது. அவளுக்கும் காது சாதாரணக் காது அல்ல. நிலக்கடலையைக் காதோரம் குலுக்கிப் பார்த்தே பருப்பு முற்றியதா என்று சொல்லிவிடுகிறவள். "அது என்ன செங்கோட்டா, உள்ள ஆளு இருக்கறாப்பல?" என்றாள். கோயமுத்தூரில் மிக்கேல் என்பவருடைய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள்.

மிக்கேல் பேர்பெற்ற ஆள். காதில் பென்சிலும், இடுப்பில் எண்ணெய்த் துணியும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வண்டியை ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இறங்கினார்.

"பேரிங் அடிக்குதுங்கம்மா. உள்ளாற இருக்கற ஈயம் தேஞ்சு போச்சு. எஞ்சினை எறக்கித்தான் பாக்கணும். இப்புடியே ஓட்டினா ஒரு நாளைக்குத் தண்டு எஞ்சினைக் கிழிச்சிட்டு வெளிய வந்து நிக்கும்."

"எதனால இப்புடி ஆச்சு?"

மிக்கேல் செங்கோட்டையனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை அவளிடமே வைத்துக்கொண்டார். "எண்ணெய் பாத்துப் பாத்து ஊத்தற கையா இருந்தா இது வராதுங்க. குத்தம் சொல்லலை. மாடு ஓட்டின கை. என்ர அக்கா மகன் ஒருத்தன் இருக்கறான், தொழில் தெரிஞ்சவன். வண்டி சரியானதும் அவனையே கூட அனுப்பி வெக்கறேன்."

திரும்பும் வழியில் வேலந்தாவளத்துச் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது பெரியம்மாள் சொன்னாள்.

"வெள்ளிக்கெழமை மிக்கேலு காளையோட வருவாரு. கட்டி இழுத்துட்டுப் போகட்டும்."

"ஏனுங்க ஆத்தா, ஒரு நாளும் எண்ணெய் பாக்காம நான் வண்டியை எடுத்ததில்லீங்க."

"நான் எஞ்சினுக்குள்ள போயிப் பாத்தனா? தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு."

"அப்ப நானுங்க?"

"கெழக்குக் கெணத்துக் கவலைக்கு ஆளு வேணுமில்ல" என்றாள் அவள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டில் முத்தாத்தாள் விஷயத்தைக் கேட்டாள். பிறகு, "காக்கிச் சட்டையைத் தொவச்சு மடிச்சு வெச்சறட்டுங்களா, இல்ல வெள்ளிக்கெழமை வரைக்கும் போட்டுக்கறீங்களா?" என்றாள். கேலியா வருத்தமா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது.

ஆனால் அவன் யோசனை வேறு இடத்தில் இருந்தது. கவலை ஓட்டியபோது கப்பியின் அச்சு தேய்ந்து ஆடினால், சத்தம் காதுக்கு வருமுன்பே வடத்தின் வழியாக அவன் உட்கார்ந்திருக்கும் தொடைக்கு வந்துவிடும். இரும்பு இரும்பை இடித்தால் உடம்புக்குத் தெரியாமல் இருக்காது. மிக்கேல் சொல்வதுபோல எஞ்சினின் அடிவயிற்றில் தண்டு இடிக்கிறது என்றால், பலகையில் ஊன்றிய அவன் பாதத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கள்ளிமேட்டில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தான். காதில் டொக் டொக் என்று விழுந்தது. காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

காதுக்குக் கேட்டுக் காலுக்குத் தெரியாத சத்தம் எது?

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில், வண்டியைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று பெரியம்மாளிடம் போய் நின்றான்.

"வெள்ளிக்கெழமை வரைக்கும் வண்டி இங்கதான நிக்குது. நோண்டறதுன்னா நோண்டு" என்றாள். "ஒரு திருகு கொறஞ்சாலும் மிக்கேலு என்னையத்தான் கேப்பாரு, பாத்துக்க."

முதலில் வண்டியில் ஆடக்கூடியதையெல்லாம் கழற்றி வெளியே வைத்தான். பின்னாசனம், கருவிப்பெட்டி, மாற்றுச் சக்கரம், ஊதுகுழல், முன்விளக்குக் கண்ணாடி வளையம். ஆசனத்துக்கடியில் ஒரு பழைய முட்டை ஓடும், பெரியம்மாள் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த வெற்றிலைப் பாக்குவெட்டியும் கிடைத்தன. பாக்குவெட்டிக்காக அவளிடமிருந்து ஒரு புன்சிரிப்பு கிடைத்தது. ஆனால் எலும்புக்கூடாக நின்ற வண்டியில் நான்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கள்ளிமேடு ஏறியபோதும் உள்ளே தட்டுகிறவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஸ்டியரிங் வட்டத்துக்கடியில் நெருப்புப்பொறியை முன்னே பின்னே தள்ளும் சின்னக் கைப்பிடி ஒன்று உண்டு. பொறி முந்திக்கொண்டாலும் ஏற்றத்தில் எஞ்சின் இடிக்கும் என்று சித்தூர் டிரைவர் சொல்லியிருந்தார். அதையும் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். வண்டி சோம்பியது. சத்தம் சோம்பவில்லை.

இதற்குள் அவனுக்கு ஒன்று பிடிபட்டது. ஓட்டிக்கொண்டே கேட்கிற வரையில் இது ஆகாது. ஓட்டுகிறவனுக்குக் கண் பாதையில், கை வட்டத்தில். கேட்கிறவன் எஞ்சின் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் நிறுத்திவைத்தால் சத்தம் வராது. வெறும் பறிக்குக் கப்பி கத்துமா? பாரம் வேண்டும். ஆகவே கள்ளிமேட்டைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தாக வேண்டும்.

புதன்கிழமை காலையில், கடலை பிடுங்கிய காட்டின் நடுவே நேராகப் போகும் வண்டித்தடத்தில் காரை நிறுத்தினான். கவலை வடத்தை எடுத்து அதன் பின்புறத்தில் கட்டினான். வடத்தின் மறுமுனையில் கருங்கல் ஏற்றிய கட்டை வண்டி. அதன் சக்கரங்களுக்குள் உலக்கை செருகி உருளாமல் பூட்டினான். கார் முதல் கியரில் இந்தப் பாரத்தை இழுத்தால் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. மேடு ஏறுகிற கஷ்டம் எஞ்சினுக்கு. பக்கத்தில் நடந்துகொண்டே கேட்கிற சௌகரியம் மனுஷனுக்கு.

எல்லாம் சரி, வட்டத்தைப் பிடிப்பது யார்? வேடிக்கை பார்க்க நின்ற ஆட்களில் ஒருவன் பின்னால் நகர்ந்தான். இன்னொருவன், "எனக்குப் புள்ளைகுட்டி இருக்குதப்பா" என்றான். மூன்றாமவன் ஏறி உட்கார்ந்துவிட்டு எஞ்சின் உறுமியதும் கதவைத் திறக்காமலே மேலாகக் குதித்து இறங்கினான்.

"நகருங்கடா" என்ற குரல் கேட்டது. பெரியம்மாள் வெள்ளைச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா, நீங்களுங்களா?"

"என்ர வண்டி, என்ர காடு. எதைப் புடிக்கோணும், சொல்லு."

காலால் மிதிக்க வேண்டாம், வட்டத்துக்கடியில் உள்ள கைவிசையை மட்டும் மெல்லத் தள்ளினால் போதும், வட்டம் நேராக இருந்தால் போதும் என்று அவன் சொன்னான். கியரை அவனே போட்டுவிட்டு இறங்கி, பானட் கதவைத் தூக்கிக் கட்டினான். அவள் விசையைத் தள்ளினாள். வடம் விறைத்தது. கல்வண்டி மண்ணைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முதலாக ஓர் எஞ்சினைத் தன் கையால் நடத்துகிற பெரியம்மாள் தெய்வ சந்நிதியில் உட்கார்ந்ததுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க ஆத்தா."

டொக், டொக், டொக், டொக்.

சத்தம் கள்ளிமேட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்துவிட்டது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரப்பிடி போட்ட திருப்புளியோடு செங்கோட்டையன் எஞ்சின் கூடவே நடந்தான். நான்கு சிலிண்டருக்கும் நான்கு பிளக். திருப்புளியின் கம்பியை ஒரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே வைத்தால் அந்தப் பிளக்கின் பொறி செத்துவிடும், அந்தச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. ஒன்றாவதைச் சாகடித்தான், சத்தம் இருந்தது. இரண்டு, மூன்று, அப்போதும் இருந்தது. நான்காவதில் வைத்ததும் சத்தம் பட்டென்று நின்றது. எடுத்தான், வந்தது. வைத்தான், நின்றது.

ஆட்கள் கூவினார்கள். செங்கோட்டையன் கூவவில்லை. நான்காவது தண்டின் பேரிங் போயிருந்தாலும் இதே கதைதான் நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் கஷ்டப்பட்டு அவன் மிக்கேலுக்குச் சாட்சி தேடிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

"என்னடா மூஞ்சி இப்புடி ஆயிருச்சு?" என்றாள் பெரியம்மாள் மேலிருந்து. "இதை எப்புடி நிறுத்தறது, அதைச் சொல்லு மொதல்ல."

மத்தியானம் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தபோது எதிரே ஒரு பப்பாளி மரம் நின்றது. அதன் இலைக்காம்பு நீளமாக, உள்ளே பொள்ளலாக இருக்கும். இந்த ஊரில் சின்ன வயதில் அதை ஊதாத ஆள் இல்லை. ஊதலாம் என்றால் கேட்கவும் செய்யலாம் அல்லவா? கை நீளத்துக்கு ஒரு காம்பை ஒடித்து, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைத் தன் கையில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அருகில் அசைபோட்டுக்கொண்டிருந்த மயிலை எருதின் வயிற்றில் வைத்துப் பார்த்தான். வயிற்றுக்குள் ஒரு மழைக்காலமே நடந்துகொண்டிருந்தது.

இதைப் பார்த்த ஆட்களும் ஆளுக்கொரு காம்பு ஒடித்துக்கொண்டார்கள். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தவனின் தொப்புளில் வைத்துக் கேட்டு உதை வாங்கினான்.

மறுபடி பெரியம்மாள் வட்டத்தில் உட்கார்ந்தாள். இந்தமுறை யாரும் அவளை அழைக்கவில்லை, அவளாகவே வந்து ஏறினாள். செங்கோட்டையன் காம்பைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான். மறுமுனையை எஞ்சினின் அடிவயிற்றில், எண்ணெய்த் தொட்டிப் பக்கம் காட்டினான். சத்தம் எங்கோ தூரத்தில், அடுத்த ஊரில் நெல் குத்துவதுபோலக் கேட்டது. மேலே தலைப்பக்கம் காட்டினான், அதேபோல்தான். பக்கவாட்டில் ஒரு வார்ப்பிரும்புக் குழாய் உண்டு. நான்கு சிலிண்டரின் புகையையும் நான்கு வாயால் வாங்கி, ஒன்றாக்கி, பின்பக்கம் போகும் குழாயில் விடும் கிளைக்குழாய். அதன் நான்காம் வாய்க்கு அடியில் காம்பு போனதும் அவன் ஐயோ என்று தலையை இழுத்துக்கொண்டான்.

"என்ன, என்ன?" என்று பெரியம்மாள் கைவிசையைப் பின்னுக்குத் தள்ள மறந்து முன்னுக்குத் தள்ளினாள்.

"சுடுதுங்க ஆத்தா. காதுக்குள்ள ஊதுதுங்க."

சத்தம் மட்டும் வரவில்லை, மூச்சும் வந்தது. விட்டுவிட்டு, சூடாக, ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு மூச்சு. உள்ளே எதுவும் எதையும் இடிக்கவில்லை. புகை எங்கோ வழி கண்டுபிடித்து வெளியே துப்பிக்கொண்டிருக்கிறது. பாரம் கூடினால் புகைக்கு அழுத்தம் கூடுகிறது, துப்புகிறது. அதனால்தான் காலுக்குத் தெரியவில்லை.

ஆனால் எங்கே? எஞ்சின் ஆறியபின் அந்தக் கிளைக்குழாயை எவ்வளவு தேய்த்துப் பார்த்தும் துருவும் கரியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் உள்ள தகடு முழுசாக இருந்தது. திருகுகள் இறுக்கமாக இருந்தன. ஒரே ஒரு விஷயம்தான் கண்ணில் பட்டது. நான்காம் வாயின் திருகுக் குழிக்குள், நெருப்பு எட்டாத மூலையில், மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான். மஞ்சள்தூள்.

அவன் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். செம்பு, ஆவி, சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

வியாழக்கிழமை மத்தியானம்வரை அவனால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. விரிசல்தான் என்று மனம் சொன்னது. கண்ணுக்குக் காட்டாமல் யார் நம்புவார்கள்? மிக்கேல் ஊதித் தள்ளிவிடுவார். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பொங்கலுக்கு அடுப்புக்குச் சுண்ணாம்பு அடிச்சதே தண்டம்" என்று முத்தாத்தாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "வெடிச்ச பக்கமெல்லாம் பொகை கோடு போட்டு வெச்சிருக்குது, பாருங்க."

அவன் பார்த்தான். வெள்ளையடித்த மண் அடுப்பின் பக்கவாட்டில், வெடிப்பு இருந்த இடத்தில் மட்டும், புகை கசிந்து கசிந்து கறுப்பாக ஒரு கோடு கிழித்திருந்தது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கோடு தெரிந்தது.

"சுண்ணாம்பு மிச்சம் இருக்குதா?"

"எதுக்குங்க?"

அவன் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் சுண்ணாம்புச் சட்டியோடு ஓடினான். முத்தாத்தாள் தட்டை மூடிவைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

கிளைக்குழாய் முழுவதும், கை நுழைகிற இடமெல்லாம், சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசினான். காய்ந்ததும் வடம் கட்டி, கல்வண்டி கட்டி, பெரியம்மாளை ஏற்றி, காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுக்க வைத்தான். டொக், டொக், டொக். எஞ்சினை அணைத்தபின் குனிந்து பார்த்தால் மேல்பக்கமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது. முத்தாத்தாள் இடுப்பிலிருந்து சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அதைக் குழாயின் அடியில் சாய்த்துப் பிடித்தான்.

நான்காம் வாய்க்குக் கீழே, வளைவின் அடிப்பக்கத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின் குறுக்கே தலைமயிர் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டு அங்குலம் இருக்கும்.

பெரியம்மாள் இறங்கி வந்தாள். கண்ணாடியைத் தானே வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது என்னது?"

"விரிசலுங்க ஆத்தா. பாரம் ஏறுனா வாயைத் தெறக்குது, எறங்குனா மூடிக்குது. பேரிங் இல்லீங்க."

"நல்லா இருந்த இரும்பு எப்புடி விரியுது?"

இந்தக் கேள்விக்காக அவன் நேற்றிலிருந்தே பயந்துகொண்டிருந்தான். பழைய இரும்பு, வெள்ளைக்காரன் ஓட்டிய ஓட்டம் என்று ஏதாவது சொல்லிவிடலாம். அவள் நம்பியும் விடுவாள். வேலை நிற்கும், சட்டை நிற்கும். ஆனால் கவலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வடம் அறுந்தால், யார் போட்ட முடிச்சு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த முடிச்சைப் போட வேண்டும். சொல்லாமல் போட்டால் அதே முடிச்சு இன்னொரு நாள் எருதின் கழுத்தில் அறும்.

"அனல்ல இருக்கற சட்டில பச்சத்தண்ணி ஊத்துனா விரியுமுங்க" என்றான்.

"இதுல எவன் தண்ணி ஊத்து..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

சுற்றி நின்ற ஆட்களுக்கு வானத்தில் திடீரென்று பார்க்க நிறைய இருந்தது.

"பட்டிப் பொங்கலன்னைக்குங்க" என்றான் செங்கோட்டையன் மெல்ல. "பானட்டைத் தூக்கிக் காட்டுனது நானுங்க."

"ஊத்துனது?"

"சொம்பு உங்க கையிலதானுங்க இருந்துது."

பெரியம்மாள் மறுபடி கண்ணாடியைச் சாய்த்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவசரப்படாமல், முனையிலிருந்து முனைவரை பார்த்தாள்.

"சீறுதுன்னு சிரிச்சனே" என்றாள்.

"நானுந்தானுங்க சிரிச்சேன்."

"அப்ப எண்ணெய் ஊத்தாத குத்தம் உன்ரது இல்ல."

"இல்லீங்க."

"தண்ணி ஊத்துன குத்தம் என்ரது."

"பாதிங்க, ஆத்தா."

"பாதி எப்புடி?"

"சுடுதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நல்ல நேரம் போயிருமின்னு சொன்னீங்க. வாயை மூடிக்கிட்டேனுங்க."

அவள் கண்ணாடியை முத்தாத்தாளிடம் கொடுத்தாள். "உன்ர ஊட்டுக்காரன் பொய் சொல்லிப் பொழைக்கற ஆளில்ல போல" என்றாள்.

"அதனாலதானுங்க நாங்க இன்னும் ஓட்டு ஊடு கட்டலை" என்றாள் முத்தாத்தாள்.

அன்று பொழுது சாயுமுன் கொல்லாசாரியைக் கூட்டிவந்தார்கள். மறையூர்க் கரும்பாலைக்காரர்களுக்குச் சர்க்கரை காய்ச்சும் கொப்பரையில் விரிசல் கண்டால் ஒட்டிக்கொடுத்துப் பழகியவர் அவர். இரும்பு அரத்தூளோடு நவச்சாரத்தையும் கொஞ்சம் கந்தகத்தையும் நீர்விட்டுக் குழைத்து அந்தக் கோட்டில் திணித்தார். வளைவுக்குத் தக்கபடி ஓர் இரும்புப் பட்டையை அடித்து, இரண்டு திருகால் இறுக்கினார். "விடியறவரைக்கும் தொடாதீங்க. துருப்புடிக்கப் புடிக்கத்தான் இது இறுகும்" என்றார். துருவும் ஒரு மருந்து என்பது செங்கோட்டையனுக்குப் புதுசு. எப்படி, ஏன் என்று அவரை வேலிப்படல்வரை கேட்டுக்கொண்டே போனான்.

வெள்ளிக்கிழமை காலை மிக்கேல் ஒரு ஜோடிக் காளையோடும் புது வடத்தோடும் வந்தார். பெரியம்மாள் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, "ஒரு தடவை மேடு ஏறிட்டு வந்திரலாம், உக்காருங்க" என்றாள். பின்னாசனத்தில் அவளும் மிக்கேலும், கால்மாட்டில் இரண்டு மூட்டை நிலக்கடலை. செங்கோட்டையன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

கள்ளிமேட்டின் அடியில் கியரை மாற்றி விசையைக் கூட்டினான். எஞ்சின் உறுமியது. பாதி மேடு போனது. பெரியம்மாளின் கையில் இருந்த சாவிக்கொத்து குலுங்குவது கேட்டது. மேட்டின் தலையில் இருந்த கள்ளிச்செடியில் ஒரு குருவி கத்தியதும் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மிக்கேல் இறங்கிப் பானட்டைத் தூக்கிப் பட்டையைப் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டியிருந்த குழாயைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்து, மறுபடி காதிலேயே வைத்தார்.

"நாலாவது பிளக்கைக் கொன்னப்ப சத்தம் நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

"அங்கயே எல்லாரும் பேரிங்குன்னுதானப்பா சொல்லுவாங்க. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்பறம் என்னத்துக்குத் தேடின?"

"காலுக்குத் தெரியலீங்க."

மிக்கேல் அவன் வெறுங்காலைப் பார்த்தார். "பட்டை ரொம்ப நாளைக்கு நிக்காது. மதராசிலிருந்து புதுக் குழாய் வரவழைச்சுத் தரேன். நீயே மாட்டிக்கோ" என்றார். காளைகள் இழுக்க ஒன்றுமில்லாமல் கோயமுத்தூருக்குத் திரும்பின. அக்கா மகனைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. போகும்போது ஒரு பப்பாளிக்காம்பை ஒடித்து எடுத்துப் போனதை முத்தாத்தாள் பார்த்தாள்.

கிழக்குக் கிணற்றுக் கவலைக்கு வேறு ஆள் கிடைத்தான். பெரியம்மாளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காடு காலியாக இருக்கும் நாட்களில், "எதாவது சத்தம் வருதான்னு பாத்தரலாமா செங்கோட்டா?" என்று வந்து நிற்பாள். ஒரு சத்தமும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவன் இறங்கிக்கொள்வான், அவள் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு வண்டித்தடத்தில் போய்த் திரும்பிவருவாள்.

அடுத்த பட்டிப் பொங்கல் வந்தது. மாடுகளின் வரிசைக் கடைசியில் கார் நின்றது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். செங்கோட்டையன் அன்று காலையும் சந்தைக்குப் போய்வந்திருந்தான். இந்தமுறை அவன் பானட்டைத் தூக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பெரியம்மாள் செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கன்றின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, வலது உள்ளங்கையைப் பானட்டின்மேல் வைத்தாள்.

"இன்னும் சுடுது" என்றாள். "மயிலைக்கு இன்னொருக்கா ஊத்தலாம், வா."